மீன் பிடிக்கப் போன கார்

சந்திரகலா சிரித்தால் எங்கேயோ யாரோ அழப்போகிறார்கள் என்று அர்த்தம். பதினோரு வருடமாக அவளுக்கு வண்டி ஓட்டி, பை தூக்கி, அவளுக்காகப் பொய் சொல்லி, இரண்டு தடவை அடியும் வாங்கியிருக்கிற ஜோசப்புக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வாசலில் ஆம்னி வேனை ஓரம்கட்டிவிட்டு இரண்டு கையிலும் டீயோடு வந்தவன், வேனுக்குள் அவள் ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரிப்பதைப் பார்த்ததும், டீயை நீட்டாமல் அப்படியே நின்றான்.

"இன்னா மேடம், யாரு மாட்டுனான்?"

"இன்னும் பேரு தெரியல. டீயக் குடு, ஆறிடப் போவுது."

ஐம்பத்திரண்டு வயதில், காதோரம் நரைத்து, பருத்திப் புடவையும் தோல்பையுமாக இருக்கும் சந்திரகலாவைப் பார்த்தால் மணவாள நகர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மையில் அவள் இருபது வருடம் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து, இப்போது துப்பறிகிறாள். இன்ஜின் எண்ணெயைப் பற்றி அவள் கையெழுத்துப் போட்ட தாள் என்றால் கோர்ட்டில் மறுபேச்சு கிடையாது.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் பழவேற்காட்டு மொய்னுதீன் பாய் அவளைக் கூப்பிட்டிருந்தார். இறால் ஏற்றுமதி செய்கிற பெரிய குடும்பம். பாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சர்ஃபராஸுக்கு வேகம் என்றால் உயிர். ஜப்பானில் இருந்து துண்டு துண்டாக வரவழைத்துப் பூட்டிய ஒரு டர்போ கார் வைத்திருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவரைப்பேட்டை தாண்டி, முறுக்குக் கம்பி ஏற்றிப் போன லாரியின் பின்னால் அந்தக் கார் போய்ச் செருகியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் கண்ணாடி வழியாக வந்தன. ஓட்டிக்கொண்டிருந்த சர்ஃபராஸ் அங்கேயே முடிந்தான்; மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இடது சீட்டில் இருந்த தம்பி ஷாகிருக்கு இரண்டு கையும் முறிந்தன, உயிர் பிழைத்தான். "இன்ஜின் திடீர்னு புடிச்சிக்கிச்சு, சக்கரம் நின்னு போச்சு" என்று அவன் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே போலீஸுக்குச் சொன்னான்.

இன்ஜின் இறுகியது என்றால் அதைப் பூட்டிய மெக்கானிக்கின் தப்பு. மெக்கானிக் அப்பாவு, பெரியபாளையம் ரோட்டில் பட்டறை. விரல்கள் முறிந்த வலதுகையோடு அவன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். திங்கட்கிழமை கேஸ் கோர்ட்டுக்கு வருகிறது. அவனுக்கு எதிராக இருப்பது ஷாகிரின் வாய்வார்த்தையும், இதோ சந்திரகலாவின் கையில் இருக்கிற இந்த எண்ணெய் அறிக்கையும். அறிக்கையின் அடியில் ஒரு வரி: 'சோடியம் அதிகம். கூலன்ட் கசிவு. ஹெட் கேஸ்கெட்டைச் சரிபார்க்கவும்.' இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எண்ணெயில் கலக்காமல் அடைக்கிற அந்த ஹெட் கேஸ்கெட்டை இரண்டு மாதத்துக்கு முன்னால் மாற்றியது அப்பாவு. அந்த வரிக்குக் கீழே 'சரி' என்று சந்திரகலா ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது, அப்பாவுக்கு ஏழெட்டு வருடம்.

"போட்டுட்டு வந்துடலாமே மேடம். அரை நாள் வேல."

"போடலாம். ஆனா இந்தத் தாளு ரொம்ப அழகா பொய் சொல்லுது ஜோசப்பு. அத எழுதுனவனப் பாக்காம எப்பிடிப் போறது?"

பரிசோதனைக்கூடத்தின் கேட்டருகே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூக்குவாளி. வேனில் இருந்து இறங்கிய சந்திரகலாவைப் பார்த்ததும் வாளியோடு எழுந்து ஓடி வந்தாள்.

"யக்கா, நீங்க தான் எண்ணெ பாக்கற மேடமா? நான் அப்பாவு சம்சாரம், செல்வி. ரிப்போட்டு இங்கேர்ந்து தான் வந்துச்சுன்னு ஏட்டு சொன்னாரு. தெனம் வந்து குந்திக்கினு இருக்கேன், உள்ள வுட மாட்டேங்கிறாங்க."

"வுட்டா இன்னா செய்வ?"

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்திரகலாவுக்கு இரக்கம் காட்டத் தெரியாது என்று இல்லை. காட்டினால் எதிரில் இருப்பவர் அழ ஆரம்பித்து, சொல்ல வேண்டியதை விட்டுவிடுவார் என்பது அவள் கட்சி.

"இதோ பாரு. உன் புருசன் தப்பு பண்ணியிருந்தா நானே கையெழுத்து போட்டு உள்ள தள்ளுவேன். எங்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல. அவன் கைய யாரு ஒடச்சது, எப்ப, அத மட்டும் சொல்லு."

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "திங்கக்கெழம யக்கா. ஆக்சிடெண்டுக்கு மறுநாளு. பாய் ஆளுங்க பட்டறைக்கே வந்து இட்டுக்கினு போனாங்க. மத்தியானம் ரெண்டு மணி, சோறு கூட துன்னல. பாய் ஊட்டுக் கொல்லப்பக்கத்துல வச்சி, சோத்துக் கைய கல்லு மேல வச்சி, பதினேழாம் நம்பர் ஸ்பேனரால... பாய் பக்கத்துலயே நாற்காலி போட்டு குந்திக்கினு இருந்தாராம். ரெண்டு வெரலோட வுட்டுட இருந்தாங்களாம். மாடி ஜன்னல்ல ஒரு பொம்பள நின்னு பாத்துக்கினே இருந்துச்சாம். அது இன்னாவோ கொரலு குடுத்துச்சாம். அப்புறம் மூணாவதும் ஒடச்சிட்டாங்க." அவள் தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பவானியம்மனுக்கு வேப்பஞ்சேல கட்டுறேன்னு வேண்டிக்கினு இருக்கேன் யக்கா. என் ஊட்டுக்காரரு வெளிய வரதுக்கு பாதி, அந்தப் பொம்பள நாசமாப் போறதுக்குப் பாதி."

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஜோசப் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். அன்றைக்கு அவன் தன் வலதுகையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

உள்ளே அறிக்கையை எழுதிய பூமிகா இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். சந்திரகலா பெயரைக் கேட்டதுமே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"மிஷின் ரீடிங்ல ஒரு தப்பும் இருக்காது மேடம். ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன்."

"மிஷின் சொன்னது சரி. கீழ அச்சடிச்ச வரி?"

"அது கம்ப்யூட்டர் தானா போடும் மேடம். சோடியம் அம்பதத் தாண்டிச்சுன்னா அந்த வரி வரும்."

"நீ படிக்கலியா?"

"கையெழுத்து போட்டேன் மேடம்."

"அதத்தான் கேட்டேன். படிக்கலியான்னு."

பூமிகாவின் முகம் சிவந்துபோனது. சந்திரகலா விடவில்லை. தாளை மேஜையில் விரித்து, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"கரி எவ்ளோ?"

"ரெண்டரை சதவீதம்."

"வண்டி பெட்ரோல். பெட்ரோல் இன்ஜின் எண்ணெயில ரெண்டரை சதவீதம் கரி நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"டீசல்ல தான் மேடம் வரும்." சொல்லி முடிப்பதற்குள்ளேயே பூமிகாவின் குரல் உள்ளே போய்விட்டது.

"சரி. சிலிக்கான்?"

"நாலு. ரொம்பக் கம்மி. நல்லதுதானே மேடம்? சிலிக்கான்னா தூசி, மண்ணு."

ஜோசப் ஜன்னல் கட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்து, கறுத்த விரலைத் தூக்கிக் காட்டினான். "இங்க இருக்கற உருக்காலை எல்லாம் துப்புறது இது. இந்த ரோட்டுல ஓடுன வண்டியில தூசி நாலாம்மா? நான் மூக்கு சிந்துனா அதுலயே நாப்பது வரும்."

"ஆறு மாசம் முன்னாடி இதே வண்டிக்கு அப்பாவு ஒரு பாட்டில் அனுப்பியிருக்கான், எடு," என்றாள் சந்திரகலா. பூமிகா தேடி எடுத்தாள். சிலிக்கான் முப்பத்தொன்று. கரி இல்லை. சோடியம் மூன்று. "இந்தப் பக்கத்துல எந்த மெக்கானிக் எண்ணெய டெஸ்டுக்கு அனுப்புறான்? இவன் அனுப்பியிருக்கான். ஆறு மாசத்துல தூசியத் துப்பிட்டு கரியத் தின்ன ஆரம்பிச்சிடுச்சா வண்டி?"

"ஆனா சோடியம் அறுநூத்தி நாப்பது மேடம். கூலன்ட் கசிஞ்சிருக்குமே."

"கூலன்ட் தனியா வராது. அதுல கலந்திருக்கற கிளைக்காலும் கூடவே வரும். வந்துச்சா?"

"இல்ல மேடம்."

"மெக்னீசியம்?"

"எண்பது."

"சோடியம் எட்டு பங்கு, மெக்னீசியம் ஒரு பங்கு. இந்தக் கணக்கு எந்தக் கம்பெனியும் போட்டது இல்ல. இங்கேர்ந்து பதினெட்டு மைல் கெழக்கால போனா காலு நனையும், அது போட்ட கணக்கு."

ஜோசப் வாயைப் பிளந்தான். "கடல் தண்ணியா? இன்னா மேடம் சொல்றீங்க, காரு மீன் புடிக்கப் போச்சா?"

"காரு போகல. டீசல் கரி, கடல் உப்பு, தூசியே இல்ல. கடல் தண்ணிய இழுத்துத் தன்னைக் குளிர வச்சிக்கிற டீசல் இன்ஜின். படகு ஜோசப்பு. யாரோ படகு எண்ணெயப் புடிச்சி, கார் நம்பர ஒட்டிக் குடுத்திருக்கான். கறுப்பா இருக்கற எண்ணெ எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கறவன். கடலோரத்துல பொறந்து, உப்ப உப்புன்னே நெனைக்காதவன்."

பூமிகா அழுகையை அடக்கிக்கொண்டு பாட்டில் வரவுப் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். பாட்டில் வந்தது திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பது. கொண்டுவந்தது பாயின் டிரைவர். காரிலிருந்து எண்ணெயை இறக்கியது என்னவோ ஞாயிறு சாயங்காலம், ஸ்டேஷன் வாசலில், ஏட்டு முன்னால்தான். ஆனால் அன்றைக்கு ஸ்டேஷன் ஜீப் ரிப்பேர். "உங்க வண்டியிலயே அனுப்பிடுங்க பாய்" என்று ஏட்டு பாட்டிலை மொய்னுதீன் வீட்டாரிடமே கொடுத்துவிட்டார். ஒரு பொழுது முழுக்க அது பழவேற்காட்டில் இருந்திருக்கிறது.

"அப்ப கார்ல இருந்த நெஜமான எண்ணெ?" என்றான் ஜோசப்.

"அதுல இருந்தத மறைக்கத்தான் இவ்ளோ பாடு. வண்டி எங்க இருக்கு, ஸ்டேஷனுக்குப் போன் போடு."

போட்டான். கேட்டுவிட்டு, போனைப் பொத்திக்கொண்டான். "போட்டோ எடுத்துக்கினு வண்டிய ஓனர் கிட்ட குடுத்துட்டாங்களாம். கண்ணுல பட்டா மனசு தாங்கலன்னு பாய் இரும்புக்குப் போட்டுட்டாராம். இன்னிக்கு ரெண்டு மணி ஷிப்டுல உலைக்குப் போவுதாம்."

மணி பன்னிரண்டே முக்கால்.

உருக்காலை யார்டில் கிரேன் காந்தம் ஏற்கெனவே அந்தக் காரின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. யார்டு மேஸ்திரி பரசுராமன், லுங்கிக்கு மேல் தோல் ஏப்ரன் கட்டிய தடித்த மனுஷன், கையை ஆட்டினான். "பார்ட்டி சீட்டு இல்லாம யாரும் கிட்ட வரக்கூடாது. போம்மா."

சந்திரகலா ஜோசப்பைத் திரும்பிப் பார்த்தாள். பொய் அவன் இலாகா.

"நாங்க போறோம் மேஸ்திரி," என்றான் ஜோசப் நிதானமாக. "நீயும் தூரமா போய் நின்னுக்க. வேகத்துக்குன்னு இந்த வண்டியில சீட்டுக்கு அடியில ஒரு கேஸ் சிலிண்டர் பூட்டியிருக்கு. ரொம்பி இருக்கு. அத உலையில போட்டின்னா உன்னிய சல்லடையில சலிச்சுத்தான் ஊட்டுல குடுக்கணும்."

மூடிய சிலிண்டர் உலைக்குள் போனால் என்ன ஆகும் என்று உருக்காலைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பரசுராமன் விசிலடித்தான். காந்தம் நின்றது. கால் மணி நேரத்தில் கழற்றிவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, அவன் ஆட்களோடு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

காரின் கூரையும் கண்ணாடிகளும் இல்லை. கம்பிகள் வழித்துக்கொண்டு போயிருந்தன. கீழ்ப்பாதியில் கீறல்கூடக் குறைவு. முன்பக்கம் திறந்தால் டர்போவும் இன்ஜினும் புதுசு மாதிரி உட்கார்ந்திருந்தன. ஜோசப் இன்ஜினைச் சுற்றவைக்கும் கிராங்க் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகினான்.

"இறுகுன இன்ஜின் மேடம். யானைய வுட்டு இழுத்தாலும் நகராது. என் இடுப்புத்தான் போவும்."

"இழு."

இழுத்தான். குழாய் சுலபமாக வந்துவிட, மல்லாந்து விழப்பார்த்தான். மறுபடி இழுத்தான். எண்ணெய் போட்ட கிணற்று ராட்டினம் மாதிரி வழவழவென்று சுற்றியது இன்ஜின். இரண்டு சுற்று, மூன்று சுற்று.

"மேடம்," என்றான் ஜோசப் மெதுவாக. "இது இறுகவே இல்ல."

"ஃபில்டரக் கழட்டு. எண்ணெய இறக்கிட்டாலும் ஃபில்டருக்குள்ள கொஞ்சம் தங்கும். அத இறக்கணும்னு ஏட்டுக்குத் தெரிஞ்சிருக்காது. படகுக்காரனுக்கும் தோணியிருக்காது."

பிளேடால் ஃபில்டர் டப்பாவை வட்டமாக அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தைப் பழைய பேப்பர் மேல் விரித்தார்கள். பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்திருந்தால் அந்த மடிப்பெல்லாம் ஜிகினா தூவியதுபோல மினுங்க வேண்டும். ஒரு பொட்டு மினுக்கம் இல்லை. தேன் நிறத்தில் சுத்தமான எண்ணெய், லேசாக பெட்ரோல் வாடை. வேகமாக ஓட்டுகிற, ஒழுங்காகப் பராமரிக்கிற டர்போ வண்டியின் எண்ணெய் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

"அப்பாவு ஒரு தப்பும் பண்ணல," என்றான் ஜோசப். அவனுக்கு சந்தோஷத்தில் பேச்சு வந்துவிட்டது. "அந்தம்மா வேப்பஞ்சேலயக் கட்டிக்கலாம். நான் வேணும்னா வேப்ப எல பறிச்சிக் குடுக்கறேன்."

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னா எதுக்கு லாரியில போய் உழுந்துது?"

சந்திரகலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், செத்தவன் சீட்டில் உட்கார்ந்தாள். தலை வைக்கும் இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஓட்டை. அதன்மேல் அவள் பின்னந்தலை போய்ப் பொருந்தியது.

"நீ அந்தப் பக்கம் குந்து. ஷாகிர் சீட்டுல."

"வாணாம் மேடம்."

"குந்து ஜோசப்பு. நடுவுல இன்னா இருக்கு?"

ஹேண்ட் பிரேக் இருந்தது. கடைசிப் பல் வரைக்கும் மேலே தூக்கி நின்றது.

"யாராச்சும் அப்பறமா தூக்கியிருப்பாங்க."

"குனிஞ்சி லிவருக்கு அடிப்பக்கம் பாரு. கீழ எறக்கி இருந்தா அந்தப் பக்கம் வெளிய தெரியாது. அங்க ரத்தம் ஒழுகிக் காஞ்சிருக்கு. கம்பி உள்ள வரதுக்கு முன்னாடியே இது மேல நின்னுக்கினு இருந்துது. நூத்தி நாப்பதுல போற வண்டியில பின்சக்கரம் ரெண்டும் ஒரே நேரத்துல நின்னா இன்னா ஆவும்? இறக்கிட்டு இப்ப நீ இழு. எந்தக் கையி தன்னால வருதுன்னு பாரு."

அவன் இழுத்தான். வலதுகைதான் வந்தது, எந்தச் சிரமமும் இல்லாமல். பக்கத்தில் சந்திரகலா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசப் சூடு பட்டவன்போல லிவரை விட்டான்.

சிலிண்டர் கழலவில்லை, ஆள் கூட்டி வருகிறேன், அதுவரை வண்டியைத் தொடாதே என்று மேஸ்திரியிடம் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு ஜோசப் வேனை எடுத்தான். பழவேற்காட்டுக்கு அவர்கள் போய்ச் சேரும்போது ஜும்மா தொழுகை முடிந்து மொய்னுதீன் பாய் வீட்டுக்கு வந்திருந்தார். அதற்கு முன்னால் படகுத்துறையில் வேனை நிறுத்தச் சொல்லி, ஜோசப்பிடம் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தாள் சந்திரகலா. அவன் திரும்பி வந்தபோது சட்டைப் பையில் மாத்திரை பாட்டில் அளவுக்கு ஒன்று இருந்தது.

பாய் அறுபது வயதுக்காரர். வெள்ளை ஜிப்பா, மெதுவான குரல். தன் கையாலேயே நன்னாரி சர்பத் கொண்டுவந்து வைத்தார். ஹாலுக்கு அடுத்த அறை வாசலில் பச்சைத் திரை. "மருமவ சமீனா, சர்ஃபராஸ் சம்சாரம். புருசன் போனதுக்கு இத்தா இருக்கா. நாலு மாசத்துக்கு வேத்து ஆளு எதிர்ல வர மாட்டா," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "நாம வேணா தொறப்பக்கம் போய்ப் பேசலாமா மேடம்? காத்தாட."

"முட்டி வலி பாய். இங்கயே பேசலாம்." சந்திரகலா சோபாவில் திரைக்குப் பக்கமாகவே உட்கார்ந்தாள். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. எனக்கு காது மந்தம்."

ஜோசப் அவளைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த அறையில் பல்லி நடந்தால் கேட்கிற காது அது.

"கையெழுத்து போட்டாச்சா?"

"போட்டாச்சு." தாளை நீட்டினாள். பாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டே வரி. 'இந்த எண்ணெய் அந்தக் காருடையது அல்ல. கடலில் ஓடும் டீசல் படகினுடையது.'

"படகா? இன்னா மேடம் இது?"

"உள்ளுக்குள்ள டீசல் இன்ஜின் வச்ச பழைய படகு துறையில ஒண்ணே ஒண்ணுதான் கட்டிக் கெடக்கு பாய். உங்களுது. ஜோசப்பு, காட்டு." ஜோசப் சின்ன பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். கரிக் கறுப்பு. "இத லேபுல குடுத்தா எட்டுக்கு ஒண்ணு கணக்கு வரும். பந்தயம் வச்சிக்கலாமா?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிரைவர் பையன் மாத்தியிருப்பான்."

"மாத்தி அவனுக்கு இன்னா?"

"அப்ப..."

"ஷாகிர்னு சொல்லப் போறீங்க. சொல்ல மனசு வரல. வரவும் வாணாம். ரெண்டு கையும் மாவுக்கட்டு. சோறே ஒருத்தர் ஊட்டணும், அவன் எப்பிடி டிப்ஸ்டிக்கத் தொடுவான்? பாட்டில் இந்த ஊட்டுல இருந்த நேரத்துல, படகுக்குப் போய் எண்ணெ புடிக்கத் தெரிஞ்ச கை ஒரே ஜோடிதான் மிச்சம்."

"செத்தது என் புள்ளம்மா."

"உசுரோட இருக்கறதும் உங்க புள்ளதான். காரப் பாத்துட்டு வரோம் பாய். உலைக்குப் போகல, நின்னுக்கினு இருக்கு. இன்ஜின் சுத்துது. ஹேண்ட் பிரேக் மேல இருக்கு."

பாய் கண்ணாடியை மடித்து ஜிப்பாப் பையில் போட்டார். மின்விசிறி கிறீச்சிட்டது. பாய் பேசியபோது குரலில் கோபம் இல்லை. வியாபாரத்தில் தோற்ற கணக்கை ஒப்புக்கொள்கிறவர்போல இருந்தார்.

"வெளயாட்டுக்கு இழுத்திருக்காம்மா. சின்னதுலேர்ந்து அப்பிடித்தான். அண்ணன் சைக்கிள்ல போனா பின்னாடியே ஓடி கேரியரப் புடிச்சி இழுப்பான். அவன் உழுந்தா இவன் சிரிப்பான். அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொல்லிட்டான். வாப்பா, பயமுறுத்தத்தான் இழுத்தேன்னான். ஒண்ண மண்ணுல வச்சிட்டேன். இன்னொண்ணத் தூக்கி போலீஸ்ல குடுக்கச் சொல்றியா?"

"அன்னிக்கு ராத்திரியேன்னா, ஞாயித்துக்கெழம."

"ஆமா."

"சத்தமாச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம."

"பாட்டில் லேபுக்குப் போனது திங்கக்கெழம காலைல ஒம்போது நாப்பது. அப்பாவு வெரல ஒடச்சது அதே திங்கக்கெழம மத்தியானம் ரெண்டு மணி. அப்ப அந்த ஸ்பேனர் எறங்குன நேரத்துல அவன் தப்பு பண்ணலன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே நாற்காலி போட்டு குந்திக்கினு பாத்தீங்க."

ஜோசப்புக்கு அப்போதுதான் அந்த இரண்டு நேரமும் ஒன்றின்மேல் ஒன்று போய் உட்கார்ந்தன. பதிவேட்டில் அவனும்தான் பார்த்திருந்தான். செல்வி சொன்னதையும் அவனும்தான் கேட்டிருந்தான்.

"வேற இன்னா செய்ய முடியும்?" என்றார் பாய். உண்மையாகவே கேட்டார். "புள்ளய வாரிக் குடுத்தவன் மெக்கானிக்க சும்மா வுட்டா ஊரு இன்னா நெனைக்கும்? ஏன் வுட்டான்னு யோசிக்கும். யோசிச்சா ஷாகிர்கிட்டத்தான் வந்து நிக்கும்." அவர் தன் வலதுகையை சர்பத் கிளாஸுக்குப் பக்கத்தில், மேஜைமேல் விரித்து வைத்தார். "பதிலுக்கு பதில் வேணும்னா இத எடுத்துக்கோங்க. புள்ளய வுட்டுடுங்க."

சந்திரகலா அந்தக் கையைப் பார்த்தாள். மோதிரம், மருதாணி போட்ட சுண்டுவிரல் நகம்.

"இது எனக்கு எதுக்கு பாய்? இதுக்கு இன்ஜின் பிரிக்கத் தெரியாது."

பாய் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். பிறகு மேஜைமேல் இருந்த தாளை எடுத்து இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தார். சந்திரகலா தடுக்கவில்லை. "இது இந்த அறையோட போவட்டும் மேடம். இங்க நாம மூணு பேருதான்."

"நாலு பேரு," என்றாள் சந்திரகலா.

ஜோசப் திரையைத் திரும்பிப் பார்த்தான். முட்டி வலியும் காது மந்தமும் எதற்கு என்று இப்போது புரிந்தது. பச்சைத் திரை அசையவில்லை. அதன் அடியில் தெரிந்த இரண்டு பாதங்கள் எத்தனை நேரமாக அங்கே நிற்கின்றனவோ தெரியவில்லை.

"மாமா." திரைக்குள் இருந்து வந்த குரல் சின்னப் பெண் குரல். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "அன்னிக்கு நீங்க தானே வந்து சொன்னீங்க. மாடிக்குப் போ, ஜன்னல்ல நின்னு பாரு, மனசு கொஞ்சம் ஆறும்னு."

"சமீனா, நீ உள்ள போம்மா."

"பாத்தேன். ரெண்டாவது வெரலுக்கு அவன் பொண்டாட்டி பேரச் சொல்லிக் கத்துனான். உங்க ஆளுங்க ஸ்பேனரக் கீழ வச்சிட்டாங்க. போதுமான்னு நீங்க அண்ணாந்து என்னியத்தான் பாத்தீங்க." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நாந்தான் மாமா சொன்னேன். இன்னொண்ணுன்னு."

பாய் எழுந்தார். எழுந்தவர், திரைவரைக்கும் போய், அதைத் தொட முடியாமல் நின்றார். வேற்று ஆள் எதிரில் விலக்கக் கூடாத, இத்தா இருக்கிற பெண்ணின் திரை. அவரே மாட்டியது.

"அவன் பேரு இன்னா?" என்று கேட்டது குரல். மாமனாரைக் கேட்கவில்லை.

"அப்பாவு," என்றாள் சந்திரகலா.

"அந்தப் பொண்டாட்டி பேரு செல்வி தானே? அந்தப் பேரச் சொல்லித்தான் கத்துனான்."

"ஆமா."

சந்திரகலா அதுவரை தொடாமல் வைத்திருந்த சர்பத்தை எடுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, கிளாஸைக் கிழிந்த தாள்களின்மேல் வைத்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு செல்போனின் பொத்தானை அழுத்தும் ஓசை கேட்டது. ஒன்று. உடனே இன்னொன்று. மொய்னுதீன் பாய் தன் வலதுகையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். போலீஸுக்கு மூன்று எண்தான் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்சம் பொறுத்து, மூன்றாவதும் கேட்டது.